அத்தையின் பணம்

வர்ஜீனியா வுல்ஃபின் ‘எ ரூம் ஆஃப் ஒன்ஸ் ஓன்’ நூலை முதுகலை ஆங்கில வகுப்பில் இருபத்திரண்டு ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். ‘தனக்கென ஓர் அறை’ என்று தமிழில் சொல்லிப் பழகிவிட்டோம். அறையைப் பற்றிப் பேச எனக்கு ஒரு வகுப்பு போதவே போதாது. மொட்டைமாடிப் படிக்கட்டில் உட்கார்ந்து படித்தவள், விடுதி அறையில் ஐந்தாவது ஆளாகப் பாய் விரித்தவள், கல்யாணமாகி அடுப்பு மேடையில் அசைன்மெண்ட் எழுதுகிறவள் என்று ஒவ்வொருத்திக்கும் சொல்ல ஏதாவது இருக்கும். ஆனால் அந்த நூல் அறையோடு சேர்த்துக் கேட்கும் இன்னொன்று, ஆண்டுக்கு 500 பவுண்டு. அதை மட்டும் ‘பொருளாதாரச் சுதந்திரம்’ என்ற ஒரே சொல்லில் மூட்டை கட்டி, தேர்வுக்கு எழுத வசதியாகக் கொடுத்துவிட்டு அடுத்த பகுதிக்குப் போய்விடுவேன். அந்தப் பணத்தை யார் கொடுத்தார்கள், என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்று நானும் கேட்டதில்லை, மாணவிகளும் கேட்டதில்லை.

சென்ற ஆண்டு ஒரு மாணவி கொண்டுவந்த தாள்கள்தான் என்னை அந்தப் பக்கத்துக்குத் திரும்ப அனுப்பின.

அவள் ஆங்கில இலக்கிய மாணவி அல்ல. பி.எஸ்ஸி. படித்தபோது முதல் இரண்டு ஆண்டுகள் பொது ஆங்கிலம் என்னிடம் படித்தவள். படிப்பு முடிந்து ஒரு வருடம் ஒரு கம்பெனியில் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்தில் நீரியல் முதுகலைக்கு இடம் கிடைத்திருந்தது. “மேம், இந்த லெட்டர்ல இங்கிலீஷ் சரியா இருக்கான்னு பாத்துத் தர்றீங்களா?” என்று வந்தாள். சேர்க்கைக்கான கடிதம் என்று நினைத்துக் கண்ணாடியை மாட்டினேன். அது அவளுடைய அத்தை அவளுக்குப் பணம் கொடுப்பதாக எழுதிய கடிதம். கூடவே ஒரு கோப்பு நிறையத் தாள்கள். அவள் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகப் படித்தேன். இலக்கியம் படித்தவளுக்கு எதையும் பிரதியாகப் பார்க்கிற பழக்கம் தொற்றிக்கொள்ளும். விசாப் படிவமும் பத்திரப் பதிவும் விலக்கல்ல.

முதலில் எண். 11,904 யூரோ. ஜெர்மனிக்குப் படிக்கப் போகிற வெளிநாட்டு மாணவர், ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கான பணம் தன்னிடம் இருக்கிறது என்று விசா வாங்கும்போதே காட்ட வேண்டும். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. அதனால்தான் நடுத்தரக் குடும்பத்துப் பெண்கள் அமெரிக்காவை விட்டு இந்தப் பக்கம் பார்க்கிறார்கள். ஆனால் வாழ்க்கைச் செலவுத் தொகையை முன்கூட்டியே ஒரு கணக்கில் போட்டுப் பூட்டிவிட வேண்டும். ‘ஷ்பெர்கோன்டோ’ என்று அதற்குப் பெயர், முடக்கப்பட்ட கணக்கு. போய்ச் சேர்ந்து, முகவரியைப் பதிவு செய்து, அங்கே ஒரு வங்கிக் கணக்கு தொடங்கிய பிறகு மாதம் 992 யூரோவாக அது திறக்கும். 2019 வரை ஆண்டுக்கு 8,640 யூரோவாக இருந்தது, படிப்படியாக ஏறி 2024 செப்டம்பரிலிருந்து 11,904. நம் பணத்தில் அவள் கட்டிய சமயத்தில் ஏறத்தாழ 12 லட்சம்.

இந்த 992 எங்கிருந்து வருகிறது? யாரோ ஓர் அதிகாரி வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. ஜெர்மனியின் குடியிருப்புச் சட்டம் இதைப் ‘பாஃபெக்’ என்ற கல்வி உதவிச் சட்டத்தோடு கட்டியிருக்கிறது. அந்நாட்டின் எளிய குடும்பத்துப் பிள்ளை ஒருவர் படிக்க அரசு மாதந்தோறும் கொடுக்கும் அதிகபட்ச உதவி எவ்வளவோ, அவ்வளவு தொகை வெளிநாட்டு மாணவரிடம் இருக்க வேண்டும். அடிப்படைத் தேவைக்கு 475, வாடகைக்கு 380, மருத்துவக் காப்பீட்டுக்கு 137, கூட்டினால் 992. அந்த ஊர்ப் பிள்ளைக்கு இதில் பாதி மானியம், பாதி வட்டியில்லாக் கடன். ஒரே எண்தான். ஒருத்திக்கு அது தாங்குகிற கை, இன்னொருத்திக்கு வாசல் கதவு. வாடகைக்கு 380 என்ற கணக்கு மியூனிக்கில் நிற்காது என்பது அங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும். டிரெஸ்டன் பரவாயில்லை என்றாள்.

இங்கே நிறுத்தி, பணக்கார நாடுகள் ஏழை நாட்டுப் பிள்ளைகளை எண்ணால் வடிகட்டுகின்றன என்று முடித்துக்கொள்ளலாம். அது உண்மைதான். தலித் மாணவர்களுக்கும் நிலமற்ற விவசாயக் கூலிகளின் பிள்ளைகளுக்கும் ஒன்றிய அரசு கொடுக்கும் வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை, நாடு முழுமைக்கும் ஆண்டுக்கு 125 பேருக்கு. அதில் 30 விழுக்காடு பெண்களுக்கு. மற்றவர்கள் இந்த எண்ணின் முன்னால் தனியாகத்தான் நிற்கிறார்கள். ஆனால் அந்த மாணவியின் கோப்பில் என்னை உலுக்கியது ஜெர்மன் தாள் அல்ல. அந்தத் தாள் நேர்மையானது. எவ்வளவு, யார் பெயரில், எந்தத் தேதியில் என்று மட்டும் கேட்கிறது. நீ நல்ல பெண்ணா, இந்தப் பணத்துக்கு ஈடாக யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தாய் என்று கேட்கவில்லை. அந்தக் கேள்விகளெல்லாம் இங்கே, திருச்சிக்குப் பக்கத்தில், அவள் வீட்டுக் கூடத்தில்தான் கேட்கப்பட்டன.

வீட்டில் பணம் இல்லாமல் இல்லை. அவள் பிறந்ததிலிருந்து அவள் பெயரைச் சொல்லி நகைச்சீட்டு கட்டப்பட்டு வந்திருக்கிறது. முப்பது பவுன் சேர்ந்திருந்தது. ஒரு வைப்புத்தொகையும் உண்டு. “அது கல்யாணத்துக்கு வெச்சது. அதுல கை வெச்சா நாளைக்கு எங்க போய் நிக்கிறது?” என்றாராம் அப்பா. கெட்ட மனிதர் இல்லை. மகளை ஆசையாகப் படிக்க வைத்தவர்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள், இதுவும் ஒரு முடக்கப்பட்ட கணக்கு. இருபத்து மூன்று ஆண்டுகளாக அவள் பெயரில் நிரப்பப்பட்டது, அவளால் ஒரு பைசா எடுக்க முடியாதது, ஒரே ஒரு நிபந்தனை நிறைவேறினால் மட்டும் திறப்பது. திறக்கும் நாளில் அது அவள் கைக்கா வருகிறது? மணமகளுக்கென்று வாங்கிய வரதட்சணையை மூன்று மாதத்துக்குள் அவளிடமே ஒப்படைக்க வேண்டும் என்று 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடுப்புச் சட்டத்தின் ஆறாவது பிரிவு சொல்கிறது. கொடுக்காதே என்று தடுக்கிற சட்டமே, கொடுத்தால் அது யாரிடம் போய்ச் சேரும் என்று தெரிந்துவைத்திருப்பதை அந்தப் பிரிவில் காணலாம். ஜெர்மன்காரன் பூட்டு மாதாமாதம் திறக்கிறது, திறக்கும்போது அவள் பெயருக்கே திறக்கிறது. இரண்டு பூட்டுகளில் எது மோசம் என்று என்னைக் கேட்டால் தயங்க மாட்டேன்.

அடுத்தது வங்கிக் கடன். வழக்கமான கல்விக் கடன் விதிப்படி நான்கு லட்சம் வரை பிணை தேவையில்லை, ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் சொத்துப் பிணை. பெற்றோரில் ஒருவர் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திட வேண்டும். மணமான பெண் என்றால் கணவரோ மாமனார் மாமியாரோ போடலாம். இருபத்து மூன்று வயது, ஓட்டுப் போட்டவள், சம்பளம் வாங்கியவள். ஆனாலும் கடன் விண்ணப்பத்தில் இன்னொருவர் பெயருக்குப் பக்கத்தில்தான் அவள் பெயர் உட்கார முடியும். பையன்களுக்கும் இதே விதிதானே என்று ஒரு மாணவி வகுப்பில் கேட்டாள். விதி ஒன்றுதான். பையனுக்காக வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்கும்போது அது ‘முதலீடு’. பெண்ணுக்காக வைக்கும்போது “பொண்ணு படிப்புக்காக வீட்டை அடமானம் வெச்சான்” என்று ஊர் சொல்லும். விதியில் இல்லாதது அந்த வாக்கியத்தில் இருக்கிறது.

அப்பா அரை மனதாகத்தான் சம்மதித்தார். வீட்டுப் பத்திரம் வங்கி வழக்கறிஞரின் பார்வைக்குப் போனது. அவர் வழக்கம்போல் மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்றிதழ் எல்லாம் கேட்டார். அடுக்கி எடுத்துக் கொடுத்தவள் மகள்தான். அப்படி அடுக்கும்போதுதான் 1997ஆம் ஆண்டு பதிவான ஒரு விடுதலைப் பத்திரம் அவள் கண்ணில் பட்டது. தாத்தா இறந்த மறு வருடம், அத்தை தன் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்து எழுதிய பத்திரம். அப்படி ஒன்று இருப்பதே அவளுக்கு அதுவரை தெரியாது.

விடுதலை என்ற சொல்லை நாம் எத்தனை மேடைகளில் சொல்லியிருக்கிறோம்! பெண் விடுதலை என்று நான் முனைவர் பட்டமே வாங்கியிருக்கிறேன். பதிவு அலுவலகத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரு பெண் தன் சொத்துரிமையிலிருந்து தன்னை விடுவித்துக்கொள்வது என்று பொருள். சகோதரிகள் வரிசையாக வந்து பெருவிரல் வைத்தோ கையெழுத்துப் போட்டோ விட்டுப் போகிற விடுதலை. நானும் 2003இல் ஒன்றில் கையெழுத்திட்டவள். அன்று கல்லூரிக்கு அரை நாள் விடுப்பு எடுத்ததும், பிற்பகல் வகுப்பில் இதே வுல்ஃப் நூலை நடத்தியதும் நினைவிருக்கிறது. இரண்டுக்கும் சம்பந்தம் இருப்பதாக அன்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த 1997 பத்திரத்தை இரண்டு முறை படித்தேன். சகோதரர் மேல் உள்ள அன்பினாலும் பிரியத்தினாலும் தன் பாகத்தை விட்டுக்கொடுப்பதாக எழுதியிருந்தது. அது எல்லாப் பத்திரத்திலும் இருப்பது. அதற்கு அடுத்த வரியில், தன் திருமணத்தின்போது சீர்வரிசை, நகை, பாத்திரம் வகையில் தனக்குச் சேர வேண்டியதை முன்பே பெற்றுக்கொண்டுவிட்டதால் இனி பின்தொடர்ச்சி ஏதும் இல்லை என்று இருந்தது.

அத்தைக்குக் கல்யாணமே ஆகவில்லை.

பத்திர எழுத்தர் பழைய நகல் ஒன்றைப் பார்த்து எழுதியிருப்பார். பெண் என்றால் கல்யாணமாகியிருக்கும், கல்யாணம் என்றால் சீர் செய்திருப்பார்கள், சீர் செய்தால் பங்கு தீர்ந்தது. இந்த மூன்று ‘என்றால்’களும் அவருடைய மாதிரித் தாளிலேயே அச்சாகியிருந்தன, ஆள் பெயரை மட்டும் மாற்ற வேண்டும். சாட்சிகள் படிக்கவில்லை, பதிவாளர் படிக்கவில்லை. அத்தை படித்தார். அப்போது அவர் ஓர் அரசு உதவி பெறும் நடுநிலைப் பள்ளியில் ஆசிரியை. பிறகு நான் அவரைச் சந்தித்தபோது கேட்டேன். “படிச்சேன் டீச்சர். தப்பா இருக்குன்னு அண்ணங்கிட்ட சொன்னேன். ‘அதெல்லாம் ஒரு சம்பிரதாயத்துக்கு எழுதறது, போட்டுட்டு வா, மணி ஆகுது’ன்னாங்க. போட்டேன்.” நடக்காத கல்யாணத்துக்கு வாங்காத சீரை வாங்கிக்கொண்டதாகக் கையெழுத்து. ஒரு சிறுகதையில் இப்படி எழுதினால் மிகை என்று நானே அடித்துவிடுவேன்.

இதில் இன்னொரு கொடுமை. சட்டம் அப்போது அவர் பக்கம் இருந்தது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய மாகாண சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்கு ஆணோடு சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. சரியாக அறுபது ஆண்டு கழித்து 1989இல் தமிழ்நாடு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பங்கு என்றது. அதற்கு முன்பே மணமானவர்களுக்கு அந்தத் திருத்தம் இல்லை; மணமாகாதவர்களுக்கு உண்டு. அத்தையின் கல்யாணமாகாத நிலையை ஊர் குறையாகப் பேசிய காலத்தில், சட்டம் ஒன்றுதான் அதை ஓர் உரிமையாகப் பார்த்தது. எட்டே ஆண்டுகளில் ஒரு பழைய மாதிரித் தாள் அவருக்குக் கல்யாணம் செய்துவைத்து அந்த உரிமையைத் திரும்ப எடுத்துக்கொண்டது.

செங்கல்பட்டு மாநாடு நடந்த அதே 1929இல், அக்டோபரில்தான் வுல்ஃபின் நூல் வெளியானது. இது தற்செயல்தான். ஆனால் இந்தக் கோப்பைப் படித்துவிட்டு நூலைத் திறந்தபோது என் கண்ணுக்குப் புதிதாய்ப் பட்டவை பல.

1928இல் கேம்பிரிட்ஜின் இரண்டு பெண்கள் கல்லூரிகளில் ஆற்றிய உரைகளிலிருந்து எழுந்த நூல் அது. கேட்டுக்கொண்டிருந்த பெண்கள் அங்கே படிக்கலாம், தேர்வு எழுதலாம். கேம்பிரிட்ஜ் அவர்களுக்கு முழுப் பட்டம் கொடுக்க 1948 ஆனது. ஆண்கள் கல்லூரியின் மீனும் கௌதாரியும், பெண்கள் கல்லூரியின் மாட்டிறைச்சியும் உலர்பழமும் என்ற அந்த இரண்டு சாப்பாடுகளை எல்லோரும் நடத்துவோம், எழுதச் சொன்னால் மாணவிகளும் அதைத்தான் எழுதுவார்கள். பெண்கள் கல்லூரி ஏன் ஏழை என்ற கேள்விக்கு வுல்ஃப் சொல்லும் விடை அம்மாக்களைப் பற்றியது. தோழியின் அம்மா பதின்மூன்று பிள்ளை பெற்றவர். அவர் சம்பாதித்திருந்தாலும் அது கணவனுக்கே போயிருக்கும். மனைவிக்குத் தனிச் சொத்து என்பதை அந்நாட்டுச் சட்டம் ஏற்றதே 1880களில். ஆகவே அம்மாவால் மகளுக்கு எதையும் விட்டுச்செல்ல முடியவில்லை. சில பக்கங்கள் தள்ளி, கதைசொல்லிக்கு ஆண்டுக்கு 500 பவுண்டு வந்துசேர்கிறது. கொடுத்தது அம்மா இல்லை, அத்தை.

அந்த நூலில் அம்மாக்களிடம் பணம் இல்லை, அத்தையிடம் இருக்கிறது. வுல்ஃபின் சொந்த வாழ்க்கையிலும் அப்படித்தான். அவருடைய அப்பாவின் தங்கை, மணமாகாதவர், 1909இல் இறந்தபோது 2,500 பவுண்டை அவருக்கு விட்டுப்போனார். தமிழில் அது துல்லியமாக அத்தைதான், சித்தியோ பெரியம்மாவோ இல்லை. ஆங்கிலத்தில் எல்லாரும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுவதால் எனக்கு இத்தனை நாள் அது உறைக்கவில்லை.

நூலில் வரும் அத்தை பம்பாயில் காற்று வாங்கக் குதிரையில் போனபோது விழுந்து இறக்கிறாள். ஓர் அரை வாக்கியம், அவ்வளவுதான் அவளுக்கு. அவள் ஏன் பம்பாயில் இருந்தாள், அந்த 500 பவுண்டுக்கான முதல் எங்கே விளைந்தது என்று வுல்ஃப் கேட்கவில்லை. நம் நாட்டில் உட்கார்ந்து படிக்கிற நாம் கேட்டாக வேண்டும். லண்டனில் ஒரு பெண் அச்சமின்றி யோசிக்கத் தேவைப்பட்ட பணம் பம்பாய் வழியாக வந்தது. அதற்கு ஐம்பது ஆண்டு முன்பு பம்பாய் மாகாணத்துப் பெண்கள் இங்கிலாந்து போகப் பணத்துக்கு அலைந்தார்கள். பண்டித ரமாபாய் 1882இல் பெண்களுக்கு ஒழுக்கம் சொல்லும் ஒரு மராத்தி நூலை எழுதி, அதன் விற்பனையில் வந்த பணத்தில் அடுத்த ஆண்டு கப்பலேறினார். புறப்பட வேண்டுமானால் முதலில் அடக்கத்தைப் பற்றி எழுதி விற்க வேண்டியிருந்தது. கர்னீலியா சொராப்ஜி தேர்வில் முதலிடம் வந்தும், இங்கிலாந்தில் படிக்கும் உதவித்தொகை பெண் என்பதால் மறுக்கப்பட்டது. ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் உள்ளிட்ட சிலர் சேர்ந்து கொடுத்த பணத்தில் 1889இல் ஆக்ஸ்ஃபோர்டு போனார். நன்கொடையாளர்களுக்கு நன்றிக் கடிதம் எழுதாத உதவித்தொகை ஆண்களுடையது மட்டும்தான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு வுல்ஃபுக்குத் திரும்பினால், அந்த 500 பவுண்டின் அருமை அதன் அளவில் இல்லை என்பது புரிகிறது. அந்த அத்தை ஏன் கொடுத்தாள்? இருவருக்கும் ஒரே பெயர் என்பதைத் தவிர வேறு காரணமே இல்லை என்கிறாள் கதைசொல்லி. அன்பு என்ற சொல் அங்கே வரவில்லை, நன்றியும் இல்லை. வக்கீல் கடிதம் தபால் பெட்டியில் விழுகிறது, அவ்வளவுதான். அதற்கு முன்பு அவள் உறைகளில் முகவரி எழுதியும் கிழவிகளுக்குப் படித்துக்காட்டியும் பிழைத்தாள். அந்த வேலைகளின் கஷ்டத்தைவிட, யாரையாவது குளிர்வித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்த கசப்புதான் அவளுக்கு மறக்கவில்லை. ‘பொருளாதாரச் சுதந்திரம்’ என்று நான் இத்தனை ஆண்டு மூட்டை கட்டிக் கொடுத்ததில் இந்தப் பகுதி விழுந்துபோயிருந்தது. வருமானம் இருப்பது ஒன்று. அந்தப் பணத்தின் பின்னால் யாருடைய முகமும் நிற்காமல் இருப்பது வேறு.

ஒரு வேடிக்கையும் உண்டு. இன்றைய பிரிட்டனின் மாணவர் விசா விதிப்படி, வாழ்க்கைச் செலவுக்கான பணம் 28 நாள் தொடர்ந்து கணக்கில் இருக்க வேண்டும். மாணவியின் கணக்கில் இருக்கலாம், பெற்றோர் அல்லது சட்டப்படியான பாதுகாவலர் கணக்கில் இருக்கலாம். அத்தை கணக்கில் இருந்தால் செல்லாது. வுல்ஃபின் நாட்டில் செத்துப்போன அத்தையின் பணம் செல்லும், உயிரோடு இருக்கிற அத்தையின் பணம் செல்லாது.

நம் வங்கியிலும் இந்த உறவுச் சிக்கல் வந்தது. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் விதிகளில் நெருங்கிய உறவினர் என்பதற்குக் கம்பெனிகள் சட்டத்தின் பட்டியலைப் பார்க்கிறார்கள். அதில் மகனின் மனைவி உண்டு, மகளின் கணவன் உண்டு. அத்தையோ மருமகளோ இல்லை. வருமான வரிச் சட்டமோ பெற்றோரின் உடன்பிறந்தவர்களை உறவினர் என்கிறது, அவர்கள் கொடுத்த பணத்துக்கு வரி கிடையாது. ஒரு சட்டத்தில் உறவு, இன்னொன்றில் யாரோ. கடைசியில், அத்தை அவள் கணக்கில் போடட்டும், அவளே அனுப்பட்டும், இந்தப் பணம் எப்படி வந்தது என்று ஒரு கடிதம் வேண்டும் என்றார்கள். என்னிடம் வந்த கடிதம் அதுதான்.

எப்படி அத்தை வரை போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வழக்கறிஞர் தாள் கேட்கக் கேட்க அப்பாவுக்கு மனம் மாறிவிட்டது. “வீட்டை வெச்சுதான் நீ போகணுமா?” என்று பத்திரங்களைத் திரும்ப வாங்கி பீரோவில் வைத்துவிட்டார். அம்மா தன் நகையை எடுத்துக் கொடுத்தார். மனைவியின் ஸ்ரீதனம் முழுக்க அவளுடையதே என்று உச்ச நீதிமன்றம் 1985இல் சொல்லியிருக்கிறது. அந்த அம்மா அப்பா வெளியூர் போன நாள் பார்த்து, தலையில் முக்காடு இல்லாத குறையாகத்தான் அடகுக்குப் போனார். இரண்டரை லட்சம் வந்தது. மகளின் சேமிப்பு ஒரு லட்சத்து முப்பதாயிரம். மீதி எட்டு லட்சத்தை, தன் ஓய்வுப் பணத்திலிருந்து தருவதாக அத்தை தானாகவே சொன்னார்.

ஓய்வூதியம் உள்ள அத்தை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. களையெடுக்கும் அத்தைகளும் பீடி சுற்றும் அத்தைகளும்தான் இந்த மாவட்டத்தில் அதிகம். ஆகவே இதை ஒரு வழியாக நான் யாருக்கும் காட்ட முடியாது. அத்தையிடம் அந்தப் பணம் இருந்ததற்கே காரணம், அவர் தலைமுறையில் எங்கோ ஒரு பள்ளி அவருக்கு வேலை கொடுத்தது. பூர்வீகச் சொத்து அவரைக் கைவிட்ட இடத்தில் சம்பளம் கைவிடவில்லை. அதே சமயம், அவர் கல்யாணம் செய்துகொண்டிருந்தால் அந்த எட்டு லட்சம் வங்கியில் தங்கியிருக்குமா என்று யோசிக்காமல் இருக்கவும் முடியவில்லை. அம்மாவிடம் இல்லாதது அத்தையிடம் இருப்பதற்கு, 1929இல் சொன்ன காரணம் பெரிதாக மாறிவிடவில்லை.

கடிதத்துக்கு வருகிறேன். மாணவி எங்கோ கிடைத்த ஆங்கில மாதிரியைப் பார்த்து எழுதியிருந்தாள். இயல்பான அன்பினாலும் பிரியத்தினாலும் என் அண்ணன் மகளுக்கு இந்தத் தொகையைக் கொடுக்கிறேன் என்று தொடங்கியது. இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. சரி என்று சொல்லி அனுப்பியிருப்பேன். அந்த வரியைத்தான் சற்று முன்னால் தமிழில் படித்திருந்தேன், 1997ஆம் ஆண்டு தேதியிட்டு. அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. அத்தையை ஒரு நாள் கூட்டிவரச் சொன்னேன்.

சனிக்கிழமை பிற்பகல் வந்தார்கள். அத்தை வாழைப்பழமும் ஒரு பாக்கெட் ஜாதிமல்லியும் வாங்கி வந்திருந்தார். தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவர், உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. கடிதத்தைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். முதல் வரியிலேயே கையை உயர்த்தி நிறுத்தினார்.

“அன்புன்னு எழுதாத கண்ணு,” என்றார், என்னிடம் இல்லை, அவளிடம். “அன்பு இருக்கு. அது வேற. பேப்பர்ல அது வேணாம். அப்பவும் அப்படித்தான் எழுதினாங்க.”

“அப்ப என்னன்னு எழுத, அத்தை? எதுக்காகக் குடுக்கறீங்கன்னு கேப்பாங்களே?”

“நான் சம்பாதிச்ச பணம். உனக்குக் குடுக்கறேன். இதுக்கு மேல என்ன கேப்பாங்க?”

பிறகு என்னைப் பார்த்து, “இதைத் திருப்பித் தரணும்னு எழுதலாமா டீச்சர்?” என்றார். மாணவி முகம் சுருங்கியது. கடன் என்று எழுதினால் வங்கியில் வேறு கேள்விகள் வரலாம் என்றேன். “இல்ல, திருப்பி வேணும்னு இல்ல. சும்மா குடுத்துட்டேன்னு ஆயிடக் கூடாதுன்னு பாக்கறேன்,” என்றார். அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. வாங்கிக்கொள்கிறவளை யார் முன்னும் நன்றியோடு நிற்க வைக்காத பணத்தைத்தான் வுல்ஃப் எழுதினார். கொடுக்கிறவளின் பக்கத்திலிருந்து அதைப் பார்க்க அவருக்கு வாய்க்கவில்லை. அவருடைய அத்தை குதிரையிலிருந்து விழுந்து இறந்துவிட்டாள். என் எதிரில் இருந்தவருக்கு, விட்டுக்கொடுத்ததற்கும் கொடுத்ததற்கும் உள்ள வித்தியாசம் தாளில் தெரிய வேண்டியிருந்தது.

கடைசியில் கடிதம் நான்கு வரியில் முடிந்தது. என் பெயர், வயது, நான் பார்த்த வேலை. என் சம்பளத்திலும் ஓய்வுப் பணத்திலும் சேர்ந்த தொகையிலிருந்து 8,00,000 ரூபாயை என் அண்ணன் மகளின் படிப்புக்காக அவள் கணக்கில் செலுத்தியிருக்கிறேன். தேதி. கையெழுத்து. ‘வேலை’ என்ற இடத்தில் ‘ஓய்வு’ என்று மட்டும் போட்டிருந்ததை அத்தை அடித்து, ‘தலைமையாசிரியை’ என்று தன் கையாலேயே எழுதினார். அடித்தல் இல்லாமல் வேறு தாளில் எழுத வேண்டும் என்று சொல்லி, மறுபடி அச்செடுத்தோம்.

வங்கியில் அதை வாங்கிப் பார்த்தவர், எல்லாரும் எழுதுகிற அந்த வாசகம் இல்லையே என்று மட்டும் கேட்டாராம். பிறகு முத்திரை குத்திவிட்டார்.

அவள் போய் ஏழு மாதமாகிறது. மாதாமாதம் 992 திறக்கிறது. வாரத்தில் சில நாள் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து அம்மாவின் நகைக்கு வட்டி அனுப்புகிறாள். அனுமதியை நீட்டிக்கும்போது அடுத்த ஆண்டுக்கும் செலவுக்குப் பணம் இருப்பதை மறுபடி காட்ட வேண்டும், அந்தக் கணக்கு இப்போதே ஓடத் தொடங்கிவிட்டது. இந்த முறை வகுப்பில் 500 பவுண்டுக்கு ஒரு முழு மணி நேரம் எடுத்துக்கொண்டேன். விடுதலைப் பத்திரம் என்றால் என்ன என்று தெரிந்தவர்கள் கைதூக்குங்கள் என்றேன். முப்பத்தொரு பேரில் நான்கு பேர் தூக்கினார்கள். அம்மா வீட்டிலோ அத்தை பெயரிலோ அப்படி ஒன்று இருக்கிறதா என்று கேட்டு வரச் சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை அடுத்த வகுப்பு.